படிக்கிறவனுக்கு ஓட்டு இல்லை

பழைய வீடியோ கேம்களைப் புதுக்கி விற்கிறவர்களுக்காகச் சில காலம் வேலை பார்த்தேன். கடல் தாண்டி எங்கோ இருக்கும் கம்பெனி. அவர்களுக்கும் எனக்கும் நடுவில் பெங்களூரில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி. அதற்குக் கீழே, அவரவர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரைத் தட்டுகிற என்னைப் போன்றவர்கள். திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு மாடி அறையில், தகரக் கூரைக்குக் கீழே, வெற்று உடம்பில் துண்டைப் போட்டுக்கொண்டு, பனி பெய்கிற ஊரில் இருக்கும் ஒருவனுக்கு அவன் ஆட்டம் ஏன் திறக்கவில்லை என்று எழுதிக்கொண்டிருப்பேன்.

வாடகைக்கு விட்டிருந்த பெரியவர் ஒருநாள் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "கேம்ஸ் ஆடுறவய்ங்களுக்குப் பதில் சொல்றது ஒரு வேலையா? நல்லா இருக்கு அப்பு ஒங்க காலம்" என்றார். நான் சிரித்தேன். லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போயிருக்கிறேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி தூக்கியிருக்கிறேன். கொடைரோட்டில் ரயிலுக்குள் டீ விற்றிருக்கிறேன். திருப்பூரில் இருந்தேன், சூரத்தில் இருந்தேன், எங்கேயும் நிலைத்து இருக்கவில்லை. உட்கார்ந்து பார்த்த வேலை இது ஒன்றுதான். அதுவும் ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு.

அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் என் ஆங்கிலம். அந்த ஆங்கிலத்தை நான் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பழ மண்டியின் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில்.

அங்கே ஒரு சிடி இருந்தது. யாரோ மதுரையிலிருந்து கொண்டுவந்த காப்பி. ரோல் பிளேயிங் கேம் என்று அந்த வகைக்குப் பெயர். சுட்டுத் தள்ளிவிட்டுப் போகிற ஆட்டம் இல்லை அது. ஓர் ஆளை நாமே உண்டாக்கி, அவன் எங்கே போகவேண்டும், யாரோடு சேரவேண்டும், யாரிடம் என்ன பதில் சொல்லவேண்டும் என்று அவன் வாழ்க்கையை நடத்த வேண்டும். எங்கள் ஆட்டத்தின் ஆள் ஊரை விட்டு விரட்டப்பட்டவன். ஆற்றங்கரை ஊர்களைச் சுற்றி வருவான். நடுவில் ஒரு பாலம். பாலத்தை ஒரு கொள்ளைக்காரன் பிடித்து வைத்திருப்பான். அதைத் தாண்டினால்தான் பாதி ஆட்டம் திறக்கும். முழுக்க மவுஸில் ஆடுகிற ஆட்டம். தரையில் கிளிக் செய்தால் அந்த இடத்துக்கு ஆள் நடப்பான். எதிரி மேல் கிளிக் செய்தால் வாளை ஓங்குவான். கீபோர்டு தூசி படிந்து கிடக்கும்.

நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஒரே ஆள். ஒரு மெஷின் முன்னால் மூன்று நாற்காலிகளை ஒட்டிப் போட்டு ஐந்து பேரும் உட்காருவோம். மவுஸ் எப்போதும் ஒருவனிடம்தான். சின்னாளபட்டிக்காரன், நெசவுக் குடும்பம், கை அவ்வளவு நிதானம். திரையில் வரும் ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொல்வது என் வேலை. எனக்கு மட்டும் அது ஓரளவு பிடிபட்டது, ஏன் என்று எனக்கே தெரியாது. தெரியாத வார்த்தைக்கு ஓர் ஓட்டை டிக்‌ஷனரி வைத்திருந்தேன்.

பேச்சு வரும் இடத்தில் ஆட்டம் நின்று, மூன்று நான்கு பதில்களைக் காட்டி எதைச் சொல்லப்போகிறாய் என்று கேட்கும். அங்கே ஓட்டெடுப்பு. கை தூக்க வேண்டும். அதிகக் கை எதற்கோ அதுதான் பதில். ஆனால் எனக்கு ஓட்டு கிடையாது. முதல் வாரமே எங்களில் ஒருவன் சட்டம் போட்டுவிட்டான்.

"இவன் படிச்சுச் சொல்லுவான், ஓட்டும் போடுவானா? அப்பறம் இது இவன் ஆட்டமாப் போயிரும். படிக்கிறவனுக்கு ஓட்டு இல்ல."

"அப்ப நீ படிலே" என்றேன்.

"படிக்கத் தெரிஞ்சா நான் ஏன்டா ஒன்ன இங்க ஒக்கார விடுறேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நியாயமான சட்டம்தான். நான்கு பேர் ஓட்டுப் போட்டால் சில நேரம் சமமாக நிற்கும். அப்போது மவுஸ்காரன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். அவன் கைதானே நடத்தப்போகிறது.

பாலத்துக் கொள்ளைக்காரனோடு பேச முடியாது. அங்கே ஓட்டுக்கு வேலை இல்லை, சண்டைதான். பல தடவை செத்தோம். ஜெயித்த அன்றைக்கு மவுஸ்காரன் எழுந்து சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். சென்டர்காரர் எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். படிக்கட்டில் இறங்கும்போதும் அவன் வலது கை விரல் கிளிக் செய்துகொண்டே இருந்தது.

பிறகு ஆளுக்கொரு திசை. சென்டர் செல்போன் கடை ஆயிற்று. நான் சுற்றப் போனேன். மவுஸ்காரன் தறியில் உட்காரவில்லை, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் சேர்ந்தான். பஞ்சு சீவுகிற மெஷினில் அவன் இடது கை போயிற்று, முழங்கைக்குச் சற்றுக் கீழே. செய்தி வந்தபோது நான் ஒட்டன்சத்திரத்தில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். மதுரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தே பேசினான்.

"வலதுக்குப் பதிலா இடது போச்சுன்னு எல்லாரும் சந்தோசப்படுறாய்ங்க மாப்ள. நானும் சேந்து சந்தோசப்படணுமாம்."

அதற்கு மேல் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. அழுகிற ஆள் இல்லை. ஆனால் ஒரு கை இல்லாதவனின் நாள் எப்படிப் போகிறது என்று அவன் வீட்டுக்குப் போகப் போகத்தான் எனக்குப் புரிந்தது. வேட்டி கட்ட ஆள் வேண்டும். பற்பசை மூடியைத் திறக்கப் பல்லால் கடிக்க வேண்டும். தோசையைப் பிய்த்தால் தட்டு நகரும், தட்டைப் பிடிக்க ஆள் வேண்டும். அவன் மனைவி சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற வேலை செய்தாள். துணியை மடியில் வைத்துக்கொண்டு, இவன் கூப்பிட்டால் எழுந்து வருவாள், பொத்தானைப் போட்டுவிடுவாள், திரும்பிப் போய் உட்காருவாள். ஒரு வார்த்தை சலித்துக்கொள்ள மாட்டாள். அது அவனுக்குக் கூடுதல் கொடுமை. சலித்துக்கொண்டாலாவது சண்டை போடலாம். அவளைக் கூப்பிடக் கூடாது என்பதற்காகவே சில நாள் பொத்தான் போடாமல் திறந்த சட்டையோடு உட்கார்ந்திருப்பான்.

நான் இந்தக் கேம் வேலையில் சேர்ந்ததைச் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி இது:

"நம்ம ஆட்டம் இப்பக் கெடைக்குமா? அதுக்கு மவுஸு ஒண்ணு போதும்ல?"

அவன் மனதில் என்ன ஓடியது என்று அந்த நொடியே தெரிந்தது. மவுஸ் ஒன்று போதும். வலது கை இருக்கிறது. யாரையும் கூப்பிடாமல், தொடங்கி முடிக்கக்கூடிய ஒரு காரியம் உலகத்தில் இருக்கிறது.

அந்த ஆட்டத்தின் ரீமாஸ்டர் வரப்போகிறது என்று எங்களுக்கு முன்பே தகவல் வந்திருந்தது. பழைய ஆட்டத்தின் படத்தைத் தெளிவாக்கி, சத்தத்தைத் துலக்கி, புது மெஷினில் ஓடும்படி செய்து மறுபடி விற்பதற்குப் பெயர் ரீமாஸ்டர். நான் மகிழ்ச்சியோடு சொன்னேன். "வருது மாப்ள, புதுசா வருது. நம்ம ஆட்டமேதான்." அவன் ஒரு பழைய லேப்டாப்பைத் தேற்றினான். ஆட்டம் வந்த அன்றே வாங்கினான்.

பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி என்று நினைத்திருந்தேன். சுண்ணாம்பு அடிக்க வந்தவன் வாசலை அடைத்துவிட்டுப் போவான் என்று நான் நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் சின்னாளபட்டி போனேன். திரையில் எங்கள் ஆள் ஆற்றங்கரையில் நின்றான். தண்ணீர் நிஜத் தண்ணீர் மாதிரி மின்னியது. அவன் தாடி மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மவுஸ்காரன் தரையில் கிளிக் செய்தான். ஆள் நகரவில்லை. மறுபடி கிளிக் செய்தான். ஆள் காற்றில் வாளை வீசினான், நின்ற இடத்திலேயே. மவுஸ்காரன் நேற்றிலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

நான் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். விஷயம் எளிது. தரையில் கிளிக் செய்து நடக்கிற வழியை எடுத்துவிட்டார்கள். இனி இடது கையால் கீபோர்டில் நான்கு எழுத்துகளை அழுத்தி நடக்க வேண்டும், அதே நேரம் வலது கையால் மவுஸை ஆட்டிப் பார்வையைத் திருப்ப வேண்டும். சண்டையில் இடது கை ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க, வலது கை அடிக்க வேண்டும். இன்றைக்கு வருகிற ஆட்டங்கள் எல்லாம் அப்படித்தான். அதனால் இதையும் அப்படி ஆக்கிவிட்டார்கள். பொத்தான்களை மாற்றிக்கொள்ள ஒரு வசதி இருந்தது. கீபோர்டில் ஓர் எழுத்துக்குப் பதில் வேறு எழுத்து. மவுஸுக்கு எதையும் மாற்ற முடியாது.

"பழசையே வாங்கிருவோம்" என்றான்.

பழைய ஆட்டத்தை இணையத்தில் ஆட்டம் விற்கிற கடையிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். புதியது வந்த அன்றே. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் புதியது விற்காதோ என்னவோ. நான் எங்கேயெல்லாமோ தேடினேன். கிடைத்த காப்பி அவன் லேப்டாப்பில் கறுப்புத் திரையைக் காட்டிவிட்டு நின்றது.

அவன் மனைவி முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டாள், "ஏண்ணே, நீங்க அந்தக் கம்பெனியிலதான வேல பாக்குறீங்க? ஒரு போனப் போட்டுச் சொல்லக் கூடாதா?"

"அது அப்படி இல்லம்மா."

"வேற எப்படி? பெரிய கம்பெனி ஆளுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு ஒங்க மாப்ள. ஒரு ஆள நடக்க வைக்க முடியலயாக்கும்."

எனக்கு ஒரு யோசனை வந்தது. கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். "நான் நடத்துறேன், நீ மவுஸப் புடி. முன்னாடி மாதிரியே ஆடுவோம்" என்றேன். நல்லது சொல்வதாகத்தான் நினைத்தேன்.

அவன் லேப்டாப்பை ஒற்றைக் கையால் மடக்கினான். சத்தமாக இல்லை, மெதுவாக.

"வேட்டியக் கட்டிவிட அவ. குளிக்கிறப்ப முதுகு தேய்க்க அவ. மாத்திர அட்டையப் பிரிக்க அவ. இதுக்கு நீயா? வேணாம்லே. நான் தனியா ஆடணும். அம்புட்டுத்தான். முடியலன்னா விட்டுரு."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது எனக்கு உடம்பு கொதித்தது. மெஷின் கையை எடுத்தது. அதற்கு மூளை இல்லை, பஞ்சு என்று நினைத்துச் சீவியது. இவர்களுக்கு மூளை இருக்கிறது. ஓர் அறையில் உட்கார்ந்து, எல்லாருக்கும் இரண்டு கை இருக்கிறது என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு கையால் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தை எடுத்து இரண்டு கை ஆட்டமாக்கி, அதற்கு மெருகு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தாடி மயிரை எண்ணி எண்ணி வரைந்தவனுக்கு இது ஒன்று தோன்றவில்லை.

அவனுக்காக நானே ஆங்கிலத்தில் ஒரு புகார் எழுதினேன். அவன் பெயரில், அவன் கணக்கிலிருந்து. புகாரை எங்கள் வேலையில் டிக்கெட் என்பார்கள். உலகத்தின் எந்த மூலையில் இருந்து வந்தாலும் டிக்கெட்டுகள் ஒரே குவியலில் விழும். வரிசையில் யார் ஓய்வாக இருக்கிறார்களோ அவர்களுக்குப் போகும். இரண்டு நாள் கழித்து அவன் டிக்கெட் எனக்கே வந்தது.

நான் எழுதியதை நானே படித்தேன். எழுதுகிறவர் எந்த வகையைத் தொட்டிருந்தாலும், கடைசியில் வகை பிரிப்பது நாங்கள்தான். எங்களுக்குக் கொடுத்த விதியின்படி அது 'விருப்பக் கோரிக்கை'. அந்த வகைக்கு ஒரே ஒரு பதில், ஏற்கெனவே எழுதி வைத்தது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, உங்களைப் போன்ற ரசிகர்களே எங்கள் பலம், உங்கள் கருத்தைக் குழுவிடம் சேர்ப்போம். சேர்க்க மாட்டோம். அந்த வகையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. வேறு எதையும் எழுத எனக்கு அனுமதி இல்லை. அனுப்பினேன்.

செத்த நேரத்தில் போன் வந்தது.

"ஏலே, பதில் வந்துருச்சுடா. அதுக்குள்ள வந்துருச்சு. படிச்சுச் சொல்லு."

"நன்றின்னு போட்டுருக்காய்ங்க."

"எதுக்கு?"

"ஒன் ஆர்வத்துக்காம்."

"நல்லவய்ங்க போல" என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. அந்தப் பதிலை அனுப்பியது யார் என்று அவனுக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை கேட்கவில்லை.

அதன் பிறகு அந்த வகைக்குள் போய்த் தேடத் தொடங்கினேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. உள்ளே இவன் ஒருவன் மட்டும் இல்லை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன ஒருவர், பழைய ஆட்டத்தைப் படுக்கையில் இருந்தபடியே ஆடிக்கொண்டிருந்ததாக எழுதியிருந்தார். கைவிரல் மூட்டெல்லாம் வீங்கிய ஒரு பெண், பொத்தானை அழுத்திப் பிடிக்க முடியவில்லை, ஒரு கிளிக் என்றால் முடியும் என்று எழுதியிருந்தாள். பிறக்கும்போதே ஒரு கையோடு பிறந்தவன் ஒருவன், கோபமே இல்லாமல், வரிசையாக, எந்த இடத்தில் என்ன செய்ய முடியவில்லை என்று எழுதியிருந்தான். எல்லாருக்கும் நன்றி சொல்லி அனுப்பியிருந்தோம். அதில் சில நன்றிகள் நான் சொன்னவை.

வாரக் கூட்டத்தில் பேசினேன். கூட்டம் என்றால் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள். எங்கள் டீம் லீடர் சென்னைக்காரர், என்னை விட வயதில் சிறியவர், நல்ல மாதிரிதான்.

"ப்ரோ, அது டிசைன் முடிவு. அவங்க யோசிச்சுத்தான் பண்ணிருப்பாங்க."

"யோசிக்கலங்க. யோசிச்சிருந்தா பழசையாவது கடையில விட்டு வச்சிருப்பாங்க."

"எவ்ளோ பேரு ப்ரோ இது கேக்குறாங்க? ரொம்பக் கம்மி."

"ஆட முடியாதவன் எத்தன தடவ எழுதுவான்? ஒரு தடவ எழுதுவான். நீங்க நன்றின்னு சொன்னா போயிருவான்."

கட்டங்களில் யாரோ இருமினார்கள். லீடர் நெற்றியைத் தேய்த்தார்.

"இங்க பாருங்க ப்ரோ, நம்ம வேலை படிக்கிறது, வகை பிரிக்கிறது, பதில் அனுப்புறது. முடிவு எடுக்கிறது நம்ம வேலை இல்ல."

பழ மண்டி மாடியில் கேட்டது மறுபடி காதில் விழுந்தது. படிக்கிறவனுக்கு ஓட்டு இல்லை. அங்கே அது நியாயமாக இருந்தது. அங்கே எனக்கு மட்டும்தான் ஓட்டு இல்லை, ஆடுகிற மற்ற எல்லாருக்கும் இருந்தது. செத்தால் சேர்ந்து செத்தோம். இங்கே படிக்கிறவனுக்கும் இல்லை, ஆடுகிறவனுக்கும் இல்லை. ஓட்டு முழுக்க, ஆட்டத்தை ஒரு தடவையாவது ஒற்றைக் கையால் ஆடிப் பார்க்காத யாரோ நாலு பேரிடம். அவர்களிடம் நாங்கள் படித்ததைக் கொண்டுபோய்ச் சொல்வது கூடக் கிடையாது. அப்புறம் எதற்கு என்னைப் படிக்கச் சொல்கிறார்கள்?

டிக்கெட் வகைகளில் ஒன்று 'ஆட்டம் இயங்கவில்லை'. ஆட்டம் திறக்காதது, நடுவில் நின்றுபோவது எல்லாம் அதில் வரும். அந்த வகை மட்டும் நேராக ஆட்டத்தைச் செய்தவர்களின் மேசைக்குப் போகும். அவர்கள் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

நான் மாற்றினேன். சின்னாளபட்டிக்காரன், படுக்கையில் இருந்தவர், மூட்டு வீங்கியவள், ஒரு கையோடு பிறந்தவன், அவர்களைப் போல வந்த அத்தனை பேரும். விருப்பக் கோரிக்கையிலிருந்து எடுத்து 'ஆட்டம் இயங்கவில்லை' வகையில் போட்டேன். ஒளித்துச் செய்யவில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே என் பெயரோடு ஒரே வரிதான் எழுதினேன். இவர் கிளிக் செய்கிறார், ஆள் நகரவில்லை. அது உண்மை. என் கண்ணால் பார்த்தது. அந்த வாரம் முழுக்க அதே வேலைதான்.

அடுத்த வாரம் லீடர் தனியாகக் கூப்பிட்டார். இந்தத் தடவை 'ப்ரோ' இல்லை.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? மேல இருந்து கேக்குறாங்க. கேம் ஓடுது. ஓடலைன்னு போட்டிருக்கீங்க."

"ஓடுதா?"

"ஓடுது."

"நீங்க ஒங்க எடது கைய முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு ஆடிப் பாத்துட்டுச் சொல்லுங்க, நான் ஒத்துக்கிறேன்."

"அது பாயின்ட் இல்ல."

"அது ஒண்ணுதாங்க பாயின்டு. பாக்குறதுக்கு அழகா இருக்கு, ஆத்துத் தண்ணி மின்னுது, எல்லாம் சரி. கிளிக் பண்ணா ஆளு நகரல. நகராததுக்கு ஒங்க விதியில என்ன வகை? இல்லேன்னா புதுசா ஒண்ணு போடுங்க. இவய்ங்கள நாங்க கணக்குல எடுக்கலன்னு ஒரு வகை போடுங்க. நான் ஒழுங்கா அதுல கொண்டுபோய்ச் சேக்குறேன்."

அவர், "நீங்க சொல்றது புரியுது. ஆனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். பாவம், அவருக்கும் ஓட்டு இல்லை. அன்று மாலைக்குள் என் கணக்கை மூடிவிட்டார்கள். கடவுச்சொல்லைப் போட்டால் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. அதற்கு யாரிடம் டிக்கெட் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலை போவது எனக்குப் புதிது இல்லை. மாம்பழச் சீசன். நத்தத்துக்குப் போய்த் தோப்பில் லோடு ஏற்றினேன். உடம்பு பழைய வேலைக்குப் பழக இரண்டு மூன்று நாள் எடுத்தது. மாங்காய்ப் பால் பட்டுக் கையெல்லாம் புண். பெட்டியைத் தோளில் ஏற்றும்போதெல்லாம், எனக்கு இரண்டு கையும் இருப்பது அந்தக் கம்பெனிக்காரனின் கணக்குக்குச் சாட்சி சொல்வது மாதிரித் தோன்றி எரிச்சல் வந்தது.

அங்கே இருந்தபோதுதான் போன். அவன் குரலில் ஏதோ இருந்தது.

"மாப்ள, நடக்குறான்டா."

"யாரு?"

"நம்ம ஆளுதான். என்னமோ அப்டேட்டு எறங்கணும்னு காட்டுச்சு. எறக்குனேன். கிளிக் பண்ணேன். நடந்து போறான்."

அன்று மாலையே பஸ் ஏறிச் சின்னாளபட்டிக்குப் போனேன். போகிற வழியில் போனில் அந்த அப்டேட்டுக்குக் கம்பெனி எழுதிய அறிவிப்பைப் படித்தேன். 'எங்கள் அன்பு ரசிகர்களுக்கு ஒரு புதிய பரிசு: கிளிக் செய்து நடக்கும் வசதி.' புதிய பரிசாம். எங்கள் வீட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய், பாதியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கைதட்டச் சொல்கிறார்கள். கீழே ஆயிரம் பேர் கைதட்டியிருந்தார்கள். நான் மாற்றிப் போட்ட டிக்கெட்டுகளால் அது நடந்ததா, தானாக நடந்ததா, தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

பாதி என்றேன். வீட்டுக்குப் போன பிறகுதான் அது எவ்வளவு சரி என்று தெரிந்தது.

அவன் மனைவி வாசலில் என்னை நிறுத்தினாள். "உள்ள போகாதீங்கண்ணே. யாரும் வரக் கூடாதுங்கறாரு. காலையில இருந்து என்னையே கூப்புடல. சட்ட கூட இல்லாம உக்காந்துருக்காரு." அவள் முகத்தில் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன். "சாப்டுறீங்களா? கத்தரிக்கா வெஞ்சனம் இருக்கு."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வலது கை மவுஸ் மேல் இருந்தது, அதே நிதானம். எங்கள் ஆள் ஆற்றங்கரை ஊரில் நடந்தான். ஓடக்காரனிடம் நின்றான். பதில்கள் வரிசையாக வந்தன. மவுஸ்காரன் வாயசைத்து எழுத்துக்கூட்டிப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். தப்பான பதில். பழ மண்டி மாடியில் ஒரு கை கூட எழுந்திருக்காத பதில். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆள் சந்தைக்குப் போனான், கோயிலுக்குப் போனான், ஒரு கிழவியிடம் பேசினான், பாலத்துக்கு வந்தான். பாலத்தின் இந்தப் பக்கமே நின்றான். திரும்பி ஊருக்குள் நடந்தான்.

செத்த நேரம் கழித்து அவனே கூப்பிட்டான். "ஜன்னல்ல நிக்கிறது தெரியும். வா."

"ஏன் திரும்பிட்ட?"

"அங்கிட்டுப் போனா சண்டலே. சண்டைக்கு இப்பவும் ரெண்டு கை வேணும். அமுக்கிப் புடிச்சுக்கிட்டே அடிக்கணும். நடக்குறதுக்கு மட்டுந்தான் குடுத்துருக்காய்ங்க."

நான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன். பாதி ஆட்டத்தை விற்றுவிட்டுப் பரிசு என்கிறான், நடக்க விட்டவனுக்கு அடிக்க விடத் தெரியாதா, இந்தச் சண்டையையும் கிளிக்கில் வைப்பதற்கு எத்தனை பேர் கை போக வேண்டும் என்று என்னென்னவோ.

"நீ எதுக்குடா கத்துற?" என்றான் அவன். "நான்ல கத்தணும்."

"அப்பக் கத்து."

"கத்துறேன். எழுது." லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். புகார் எழுதும் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். "நான் சொல்றத மட்டும் எழுது. நீ ஒண்ணும் சேக்கக் கூடாது. படிக்கிறவனுக்கு ஓட்டு இல்ல."

"சரி. சொல்லு."

அவன் கொஞ்சம் யோசித்தான். வாசலில் அவன் மனைவி முடிச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாலத்துல நிக்கிறேன். ஒரு கையோடதான் நிக்கிறேன். அந்தக் கொள்ளைக்காரன நான் முன்னாடியே ஒரு தடவ கொன்னுருக்கேன். வழிய விடுங்கடா."

"வேற?"

"அம்புட்டுத்தான்."

அதை அப்படியே தட்டினேன், தமிழிலேயே. ஆங்கிலத்தில் மாற்றவில்லை. மாற்றினால் நன்றி என்று பதில் வரும். எங்கேயாவது ஒரு தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற எவனாவது இதை என்னவென்று தெரியாமல் முழிக்கட்டும், யாரையாவது கூப்பிட்டுக் கேட்கட்டும், ஒரு நிமிடமாவது இதோடு உட்காரட்டும். வகை கேட்டது. 'ஆட்டம் இயங்கவில்லை' என்பதைக் காட்டினேன். அவன் என் கையை மவுஸிலிருந்து தள்ளிவிட்டுத் தானே கிளிக் செய்தான்.